பின்வெயிட்டில் ஏறிய ஆள்

பாதுகாப்பு வாரத்துக்கு மலர் போடுகிறார்களாம். முப்பத்தோரு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டுப் போன வருஷம் நான் ஓய்வு பெற்ற கன்டெய்னர் யார்டிலிருந்து, அங்கே இப்போது பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் நித்யா போன் செய்தார். "சார், உங்க அனுபவத்த ரெண்டு பக்கத்துக்கு எழுதித் தாங்களேன். புது ஆபரேட்டருங்க கேக்கறாங்க" என்றார். பேச்சோடு பேச்சாக, புதிதாக வந்திருக்கும் பேட்டரி வண்டிகளைப் பற்றியும் சொன்னார். தாங்குவதற்கு மேல் பாரம் ஏற்றினால் முன்னால் இருக்கும் திரை சிவப்பாகிவிடுமாம். அதற்குப் பிறகு ஆபரேட்டர் தலைகீழாக நின்றாலும் பாரம் தூக்கும் இரட்டைக் கம்பியான ஃபோர்க் எழும்பாதாம்.

கேட்டபோது சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. அப்படி ஒரு வண்டி பதினாறு வருஷத்துக்கு முன்னால் எங்களிடம் இருந்திருந்தால் தேசிங்கின் கால் போயிருக்காது. கால் போனதையாவது விபத்து என்று சொல்லலாம். அவனைப் பற்றி ஒரு காகிதத்தில் ஒரு வரி பொய் எழுதப்பட்டது. அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அந்த வரியால் அவனுக்கு வேலையும் போனது, பேரும் போனது. நித்யா கேட்டது இரண்டு பக்கம். அந்த ஒரு வரியை அடிக்க எனக்கு எத்தனை பக்கம் வேண்டுமோ, அத்தனை எழுதப் போகிறேன். வெட்டுவதானால் மற்றதை வெட்டிக்கொள்ளட்டும்.

நான் ராயபுரத்துக்காரன், பெயர் ஏகாம்பரம். துறைமுகத்துக்குப் பக்கத்துக் குடோன் ஒன்றில் மூட்டை தூக்கத்தான் முதலில் சேர்ந்தேன். அங்கே ஒரே ஒரு டீசல் ஃபோர்க்லிஃப்ட் இருந்தது. அதைக் கழுவும் வேலை என்னிடம் வந்தது. கழுவுகிறவன் ஓரமாக நகர்த்தினான், நகர்த்துகிறவன் காலிப் பலகையைத் தூக்கிப் பார்த்தான், மூன்று வருஷம் கழித்து அவனுக்கே லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள். பயிற்சி என்று நான் பெற்றது அவ்வளவுதான்.

லைசென்ஸ் வந்த கையோடு எண்ணூரில் ஒரு கட்டட வேலைக்கு வண்டியோடு அனுப்பினார்கள். மழை பெய்து ஓய்ந்த தரை, மேலே புதிதாகக் கொட்டிய மண். சிமெண்ட் கல் அடுக்கிய பலகையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வழியில் கம்பிக் கட்டு கிடந்தது, அதைத் தாண்டினால் போதும் என்று உயர்த்தினேன், பிறகு இறக்க மறந்தேன். இடது சக்கரம் மண்ணில் இறங்கியதும் வண்டி சாய்ந்தது. சாயும்போது மனிதனுக்குக் குதிக்கத்தான் தோன்றும். குதிக்கிற பக்கம்தான் தலைக்கு மேல் இருக்கும் கூண்டும் விழும். நான் குதிக்காததற்கு என் புத்தி காரணமில்லை. பேன்ட் பாக்கெட் சீட்டுக்குப் பக்கத்திலிருந்த கம்பியில் மாட்டிக்கொண்டது. கிழிந்த பேன்டோடு உயிரும் மிஞ்சியது.

அதற்குப் பிறகு நான் பெல்ட் போடாமல் வண்டியைக் கிளப்பியதில்லை. சாய்ந்தால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடி, காலை ஊன்று, விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய், குதிக்காதே. இதைச் சொன்னால் புது ஆட்கள் தலையை ஆட்டுவார்கள், வண்டி ஆடினால் குதிப்பார்கள்.

திருவொற்றியூரிலிருந்து மணலி போகும் வழியில் இருந்த கன்டெய்னர் யார்டுக்கு வந்த பிறகுதான் வேலை என்றால் என்ன என்று தெரிந்தது. அதற்குக் காரணம் சூப்பர்வைசர் ஞானராஜ் சார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சொந்தக்காரர்கள் எல்லாம் யானைக்கவுனியில் மொத்தக் கடை வைத்திருந்தார்கள். இவர் ஒருவர்தான் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். வெள்ளைச் சட்டை, காலருக்குள் மடித்து வைத்த கைக்குட்டை, மேல் பாக்கெட்டில் ஒரு சாக்பீஸ். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. அவர் அருகில் வந்து நின்றாலே சுமை தூக்கும் லோடர்கள் பீடியை அணைத்துவிடுவார்கள்.

காலையில் சாவி கொடுப்பதற்கு முன் வண்டியை ஒரு சுற்று வருவார். டயரைக் காலால் தட்டுவார். ஃபோர்க்கின் மடிப்பில், எங்கே கம்பி வளைந்து மேலே போகிறதோ அந்த இடத்தில், விரலை வைத்துத் தடவி விரிசல் பார்ப்பார். செயின் இரண்டும் ஒரே இறுக்கமாக இருக்கின்றனவா என்று கட்டைவிரலால் அழுத்துவார். தரையில் எண்ணெய்ச் சொட்டு இருந்தால் அன்றைக்கு அந்த வண்டிக்குச் சாவி கிடையாது. பிறகு ஒவ்வொரு பெரிய பாரத்துக்கு முன்னாலும் மூன்று கேள்வி: "எடை எம்புட்டு? நடு எங்க இருக்கு? எங்க எறக்கப் போற?" மூன்றுக்கும் பதில் சொன்னால்தான் எடையைச் சாக்பீஸால் பெட்டியின் மேலேயே எழுதுவார். அவர் எழுதாமல் நாங்கள் ஃபோர்க்கை நுழைத்ததில்லை.

இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வண்டியில் அடித்திருக்கும் தகட்டில் மூன்று டன் என்று இருக்கும். அதன் கீழேயே, பாரத்தின் நடு ஃபோர்க்கின் மடிப்பிலிருந்து அரை மீட்டரில் இருந்தால்தான் மூன்று டன் என்றும் இருக்கும். நடு தள்ளிப் போகப் போக வண்டியின் சக்தி குறையும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். அதை மீறித் தூக்கினால் வண்டியின் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஸ்டியரிங் திருப்புவது பின்சக்கரத்தைத்தான் என்பதால், எழும்பிய வண்டி யார் பேச்சையும் கேட்காது.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். வடசென்னை யார்டுகளில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும். பின்சக்கரம் எழும்பினால், பாரத்துக்கு ஈடாக வண்டியின் பின்னால் இருக்கும் இரும்பு வெயிட்டின் மேல் இரண்டு லோடர்களை ஏற்றிவிடுவோம். இரும்பு பத்தவில்லை என்றால் மனிதன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான். ஆனால் பிடித்தவர்கள் எல்லாம் கெட்டிக்காரர்கள் என்று பெயர் வாங்கினார்கள். ஏறினவர்களுக்குத் தனியாக ஒரு டீயும் இரண்டு பஜ்ஜியும் உண்டு. அதற்கு 'வெயிட்டு டீ' என்று பெயர்.

அந்த டீயை அதிகம் குடித்தவன் தேசிங்கு. நூறு கிலோவுக்கு மேல் இருப்பான். திருவொற்றியூர் மீனவர் குப்பத்தில் பிறந்து, படகில் ஏறினால் வாந்தி எடுத்த ஒரே ஆள் அவன்தான். அண்ணன்மார்கள் கடலுக்குப் போக, இவன் லோடராக யார்டுக்கு வந்தான். கடல் ஏறமாட்டேன் என்றவன் ஃபோர்க்லிஃப்ட் மேல் ஏறுகிறான் என்று கேலி செய்வோம். "நம்ம ஏறலேன்னா வண்டி நவுருமா மாமு?" என்று பின்வெயிட்டைத் தட்டுவான். அவனுக்கு அதில் உண்மையிலேயே பெருமை.

ஞானராஜ் சார் இதற்கு அனுமதி கொடுத்தாரா? கொடுத்ததே இல்லை. தடுத்ததும் இல்லை. பின்னால் ஆள் வேண்டும் என்ற நிலை வந்தால் அவர் கண்ணாடியைக் கழற்றுவார். காலரிலிருந்து கைக்குட்டையை எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிப்பார். நான் இரண்டு முறை ஹாரன் அடிப்பேன். ஆட்கள் ஏறுவார்கள். பாரம் இறங்கியதும் ஒரு முறை அடிப்பேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்புவார். பல வருஷம் இப்படித்தான் நடந்தது.

அன்றைக்கு வந்தது ஒரு மெஷின் பெட்டி. கன்டெய்னருக்குள் நீளவாக்கில் கிடந்தது. வாசலைப் பார்த்து அதன் குறுகலான முகம். இறக்கும் மேடையிலிருந்து கன்டெய்னருக்குள் இரும்புப் பலகை போட்டு, அதன் வழியாக வண்டி உள்ளே போய் எடுக்க வேண்டும்.

"எடை எம்புட்டு?" என்றார் சார்.

"ரெண்டே முக்கா டன்னு சார்."

"நடு எங்க?"

குனிந்து பார்த்தேன். பெட்டி இரண்டு மீட்டருக்கு மேல் நீளம். "உள்ள தள்ளி கீது சார். பெரிய வண்டிதான் தாங்கும்."

"பெரிய வண்டி எங்கல?"

"மணலி குடோன்ல. சாய்ந்தரம்தான் வரும்."

லாரி டிரைவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கனரக வண்டிகளைப் போலீஸ் நிறுத்திவைக்கும் நேரத்துக்கு முன் மாதவரம் தாண்டியாக வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி வரைக்கும் ரோட்டோரம் கிடக்க வேண்டியதுதான் என்று புலம்பினார். செய்ய வேண்டியது என்ன என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். லாரியைக் காக்க வைத்துப் பெரிய வண்டியை வரவழைக்க வேண்டும். ஞானராஜ் சார் வாட்சைப் பார்த்தார். பெட்டியில் சாக்பீஸால் எடையை எழுதினார். மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

நான் இரண்டு முறை ஹாரன் அடித்தேன்.

தேசிங்கும் இன்னொரு லோடரும் ஏறினார்கள். ஃபோர்க்கை நுழைத்து, பெட்டியை ஒரு சாண் தூக்கி, பின்னால் சாய்த்து, ரிவர்சில் எடுத்தேன். பின்சக்கரம் லேசாகத்தான் தரையில் பட்டுக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் கனமே இல்லை. அப்போதாவது இறக்கியிருக்க வேண்டும். பின்சக்கரம் இரும்புப் பலகையிலிருந்து மேடைக்கு இறங்கியபோது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. மற்றவன் பயந்து குதித்துவிட்டான். ஒரு ஆளின் கனம் போனதும் பின்பக்கம் மேலே எழுந்தது. தேசிங்கு பிடிக்க ஒன்றுமில்லாமல் வழுக்கி, நின்ற நிலையிலேயே தரைக்கு வந்தான். அதற்குள் பெட்டியின் முன்முனை கன்டெய்னர் தரையில் போய் உட்கார்ந்துவிட்டது. ஃபோர்க்கில் பாரம் இல்லை என்றதும் பின்பக்கம் முழுக் கனத்தோடு கீழே வந்தது. சக்கரத்துக்குக் கீழே அவனுடைய வலது பாதம் இருந்தது.

பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. பாதத்தில் பாதியை அரசு ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். மறுநாள் போய்ப் பார்த்தேன். மயக்கம் தெளிந்து படுத்திருந்தான். "இன்னா மாமு, வண்டிக்கு ஒன்னும் ஆவலியே?" என்றான். இல்லை என்று சொன்னேன். வாங்கிப் போயிருந்த சாத்துக்குடியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஞானராஜ் சார் அறைக்குக் கூப்பிட்டார். விபத்து அறிக்கையை அவரே எழுதி வைத்திருந்தார். அழகான கையெழுத்து. 'தொழிலாளி தேசிங்கு, ஓட்டுநருக்குத் தெரியாமல், விளையாட்டுத்தனமாக வண்டியின் பின்புறம் ஏறியுள்ளார்' என்று இருந்தது.

"ஆள் ஏறுனத நீ பாத்தியால?" என்றார்.

"நான்தான சார் ஹாரன் அடிச்சேன்."

"நான் அதக் கேக்கல. நீ முன்னால பாத்து உக்காந்திருந்த. பின்னால ஏறுனவன நீ எப்படிப் பாத்திருக்க முடியும்?"

"ரிவர்ஸ்ல எடுத்தேன் சார். திரும்பித்தான் பாத்துகினு இருந்தேன்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "உண்மைய எழுதுனா உனக்கு லைசென்ஸ் போவும். எனக்கு வேல போவும். அவன் கால் வந்திருமா?"

இந்தக் கேள்விக்கு அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேர். கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு வெளியே வந்து டீ குடித்தேன். டீ நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு வெட்கம்.

பதில் பிறகு தெரிந்தது. வேலையில் அடிபட்டவனுக்கு வாசல் கேட்டில் உட்கார்ந்து கன்டெய்னர் சீல் பார்க்கும் வேலை கொடுப்பது எங்கள் யார்டில் வழக்கம். தேசிங்குக்கு அது கிடைக்கவில்லை. விளையாட்டுத்தனமாக ஏறியவனுக்கு எதற்கு வேலை என்று மேலிடம் சொல்லிவிட்டது. மற்ற யார்டுகளிலும் அதையே சொல்லி அவனைத் திருப்பி அனுப்பினார்கள். அறிக்கையின் நகல் ஒன்று அவன் வீட்டுக்கும் தபாலில் போனது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். எங்கள் விஷயத்தில் பாவத்துக்கு இரண்டு இடம், பழிக்கு ஒரு இடம்.

ஞானராஜ் சாரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும். அதையும் செய்யமாட்டேன். அடுத்த வாரமே எல்லா வண்டியின் பின்வெயிட்டிலும் சிவப்புப் பெயின்டில் ஒரு பாதத்தை வரைந்து, அதன் மேல் குறுக்குக் கோடு போட வைத்தார். அதற்குப் பிறகு நான் இருந்தவரை அந்த யார்டில் ஒருவனும் வண்டியில் தொற்றியதில்லை. பாரம் தூக்கும் இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றியதும் இல்லை. வியர்வை கண்ணுக்குள் போனாலும் அப்படியே நிற்பார். ஓய்வு பெற்று ஊருக்குப் போனார், இரண்டு வருஷத்துக்கு முன் காலமாகிவிட்டார். தேசிங்கைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் அதன் பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவருக்காவது பெயின்ட் அடிக்கத் தோன்றியது. எனக்கு அவன் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகத்தான் தோன்றியது.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகு, அவன் பெயரைப் போட அவனிடம் கேட்க வேண்டாமா என்று பட்டது. போன ஞாயிற்றுக்கிழமை பக்கங்களை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கீழே வருவதை அங்கிருந்து வந்த பிறகு எழுதுகிறேன்.

தேசிங்கு இளைத்திருந்தான். ஒரு ஐஸ் கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக இருக்கிறான். வலது காலுக்குத் தனியாகச் செய்த செருப்பு. என்னைப் பார்த்ததும், "வா மாமு, குந்து" என்றான், நேற்றுப் பார்த்தவனைக் கூப்பிடுவதுபோல. அவன் மனைவி மூன்று வருஷத்துக்கு முன் தவறிவிட்டாள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மகள் மோனிஷா ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். விபத்து நடந்தபோது அவளுக்குப் பதினொரு வயது.

விஷயத்தைச் சொன்னேன். "இப்ப இன்னாத்துக்கு மாமு இத்தப் போயி எய்திகினு?" என்றான். பிறகு, "எனுக்குக் கண்ணு சரியா தெர்ல. பாப்பா படிக்கட்டும்" என்று பக்கங்களை மகளிடம் கொடுத்தான்.

மோனிஷா சத்தமாகத்தான் ஆரம்பித்தாள். எண்ணூர் பேன்ட் கிழிந்த இடத்தில் தேசிங்கு சிரித்தான். நான் இரண்டு முறை ஹாரன் அடித்த வரி வந்ததும் அவள் நிறுத்திவிட்டாள். மீதியை மனதுக்குள் படித்தாள். சிவப்புப் பாதம் வரைக்கும் படித்து முடித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"நீ வெளாட்டுக்கு ஏறலியாப்பா?"

"இல்லமா. கூப்ட்டாங்க, ஏறினேன்."

"எங்க கைல ஏம்பா சொல்லல? அம்மா சாவற வரிக்கும் அத்த சொல்லித்தான உன்ன திட்டிகினு இருந்துச்சு. நான்கூட..."

தேசிங்கு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சொன்னேன்மா. பேப்பரு வந்த அன்னிக்கே சொன்னேன். ஏகாம்பரம் அண்ணே கையெய்த்துப் போட்டுக் கீறாரே, அவரு பொய் சொல்லுவாரான்னு உங்கம்மா கேட்டா. நான் இன்னா சொல்றது?"

தேசிங்கின் மனைவியை நான் இரண்டு மூன்று முறை பார்த்திருப்பேன். என்னைப் பற்றி அவளுக்கு அவ்வளவு மரியாதை இருந்தது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மன்னிப்பும் கேட்க நினைத்துத்தான் போயிருந்தேன். கேட்பதற்குப் பதிலாக அழுதேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மோனிஷா என்னைத் தேற்றவில்லை. பக்கங்களை வரிசைப்படி அடுக்கினாள். உள்ளே போய் ஒரு பேனா எடுத்து வந்தாள்.

"இதுல உங்க கையெழுத்து இல்ல. போடுங்க" என்றாள். "எல்லாப் பக்கத்துலயும் போடுங்க."

போட்டேன். பெயரையும் தேதியையும் முழுதாக எழுதச் சொன்னாள், எழுதினேன். தெரு முனைக்குப் போய் ஜெராக்ஸ் எடுத்து வந்து நகலை என் கையில் கொடுத்தாள். நித்யாவுக்கு நான் அனுப்புவது அந்த நகலைத்தான். அசலை மோனிஷா வைத்துக்கொண்டாள்.